ஒத்தைக் கண்ணு அப்பிச்சியும் உறியில பூச்செடியும்

ஆசுபத்திரியில என்ன சொல்லி உட்டாங்க? குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, தலைக்குத் தண்ணி ஊத்தக்கூடாது. பேசக்கூடாதுன்னு ஆரும் சொல்லலை கண்ணு. அதனால என்னைக் கொண்டாந்து இந்தப் பால்கனியில நாற்காலி போட்டு உக்கார வெச்சது உன்ற தப்பு. ஆவணியில இடது கண்ணு, இப்ப மார்கழியில வலது கண்ணு. ஒரு கண்ணுல பஞ்சு, ஒரு கண்ணுல புது லென்சு. அந்தப் புது லென்சுல மொதல்ல பட்டது நீ தொங்க உட்டிருக்கற ஆறு தொட்டி. அதுல நாலு செத்துக் கெடக்குது. இதைப் பாக்கறதுக்கா இத்தனை செலவு பண்ணி ஆப்பரேசன் பண்ணுனோம்?

தொட்டி தொங்குற கவுத்துக்கு என்னமோ பேரு சொன்னியே, மக்ரமே. ஒண்ணு அறநூறு ரூபாயாமா. எங்கூட்டுல உங்க அம்முச்சி தேங்கா நாருக் கவுத்துல முடிஞ்சு விட்டத்துல மாட்டியிருந்தா, அதுக்குப் பேரு உறி. பூனைக்கு எட்டக்கூடாதுன்னு வெண்ணெய அதுல வெப்பா. பூனைக்கு எட்டலை, எனக்கு எட்டும், அது வேற கதை. நீ வெண்ணெய எறக்கிப் போட்டுப் பூவை ஏத்தியிருக்கறே. சரி, பூனை வராது. தண்ணியும் வராதே சாமி.

தோட்டத்துல நட்ட செடி மானங்கெட்ட செடி. நாலு நாளைக்குத் தண்ணி கட்டலீன்னா கோவிச்சுக்காது, பேசாம வேரைக் கீழ எறக்கி எங்கியாச்சும் போய்க் குடிச்சுட்டு வந்துரும், என்னையாட்ட. தொங்குற தொட்டியில வேரு அரையடி போனா பிளாஸ்டிக்குச் செவுரு. அடியிலயும் காத்து, பக்கத்துலயும் காத்து, ஏழாவது மாடியில கடக்காத்து வேற. சித்திரை வெயில்ல வெடியால ஒருக்கா, பொழுதோட ஒருக்கா ஊத்தோணும். நீங்க ரண்டு பேரும் சனிக்கெழமை சனிக்கெழமை ஊத்தறீங்க, சனீஸ்வரனுக்கு எள்ளு வெளக்கு வெக்கற மாதிரி.

ஏனுங் மாப்ளே, நீங்களும் இப்படி வந்து உக்காருங்க. கோவிச்சுக்கக்கூடாது. மண்ணுல குத்திப் பாக்கறதுக்கு ஊசி வெச்ச மிசினு ஒண்ணு வாங்கியாந்தீங்களே, அது என்ன சொல்லுது? ஈரம்னு சொல்லுது. செடி என்ன சொல்லுது? செத்துட்டேன்னு சொல்லுது. ரண்டுல ஒண்ணைத் தான நம்போணும்? அடியில கையக் குடுத்துத் தொட்டிய ஒரு தடவை தூக்கிப் பாருங்க. தண்ணி குடிச்ச தொட்டி வயிறு நெறஞ்ச எருமையாட்ட அசையாது. காஞ்சது காகிதமாட்டக் கூடவே வரும். நாலு நாளு தூக்கிப் பாத்தீங்கன்னா கைக்கே தெரிஞ்சு போயிரும். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, இதுக்கு மிசினு எதுக்குங்க?

நீங்க ஊத்தலைன்னு நான் சொல்லலை. ஊத்துனீங்க, அடியில ஒழுகுச்சு, போதும்னு போயிட்டீங்க. அங்க தான் தொட்டியில ரொப்பியிருக்கற அந்தத் தேங்கா நார்த்தூளு உங்களை ஏமாத்திப் போடுச்சு. ஈரமா இருக்கற வரைக்கும் அது பஞ்சு. ஒருக்கா நல்லாக் காஞ்சுட்டா தண்ணிய உள்ள உடாது. சுருங்கித் தொட்டியோட ஓரத்தை உட்டு வெலகி நிக்கும், ஊத்துறது அத்தனையும் அந்தச் சந்துல நழுவி நேராக் கீழ போயிரும். நடுவால வேரு வரட்டு வரட்டுனு கெடக்கும். அப்படிக் காஞ்ச தொட்டிக்கு மேல ஊத்திப் பிரயோசனமில்லை. உறியோட எறக்கி, வாளியில தண்ணி ரொப்பி, கால் மணி நேரம் முக்கி வெக்கோணும். கொப்புளம் கொப்புளமாக் காத்து வரும். அது நின்னதுக்குப் பொறவு தூக்கி வடிய உட்டு மாட்டுங்க.

அப்படி நழுவுன தண்ணி எங்க போச்சுன்னு கேட்டியா கண்ணு? ஆறாவது மாடியில அந்தம்மா காயப் போட்டிருந்த வடாத்துல போச்சு. கழுவாத நார்த்தூள்ல எறங்குற தண்ணி காப்பி நெறத்துல இருக்கும். வெள்ளை வேட்டி மேல வெள்ளை வடாம், அதுக்கு மேல காப்பி. ஆவணி மாசத்துல அந்தம்மா மேல ஏறி வந்து நின்னப்ப உன்ற மூஞ்சியப் பாக்கோணுமே!

அந்த நார்த்தூளு வந்த கதைய நான் சாகற வரைக்கும் சொல்லுவேன். நம்ம பொள்ளாச்சிப் பக்கம் கவுறு திரிக்கற எடத்துக்குப் பின்னால அது மலை மாதிரிக் குமிஞ்சு கெடந்துச்சு. ஆரும் சீந்த மாட்டாங்க. மழை பேஞ்சா அதுல ஊறுற தண்ணி கெணத்துல எறங்கிருமேன்னு வைவோம். இப்ப அதையே கழுவிக் காய வெச்சு அழுத்திச் செங்கல்லாட்டப் பண்ணிக் கப்பல்ல ஏத்தறாங்க. என்ற பேத்தி பொள்ளாச்சித் தோட்டத்துல பொறந்து, மெட்ராசுல உக்காந்துக்கிட்டு, போனுல ஆர்டர் போட்டு அதை வாங்கறா. அதுவும் அஞ்சு கிலோக் கட்டி. மாப்ளே அதைத் தூக்கிக் குளிக்கற ரூம்புல இருந்த வாளிக்குள்ள வெச்சுத் தண்ணியத் தொறந்து உட்டுட்டு ஆபீசு போனுல பேசப் போயிட்டாரு. அஞ்சு கிலோ ஊறுனா எழுவது லிட்டருக்கு வரும். வாளி பதினஞ்சு லிட்டரு. பேசி முடிச்சுட்டு வந்து பாத்தா வாளியக் காணோம். புட்டுக் கொழாய்ல இருந்து வர்ற மாதிரி பொத பொதன்னு ரூம்பு பூராத் தூளு. எனக்கு ஒரு கண்ணு தான் தெரிஞ்சுது அன்னைக்கு, அதுக்கே வகுறு வலிக்கச் சிரிச்சேன்.

சிரிச்சது போகட்டும். அதை அப்படியே தொட்டியில அள்ளிப் போட்டதுதான் வெனை. நார்த்தூள்ல உப்பு இருக்கும். மூணு தடவை தண்ணி ஊத்தி, பிழிஞ்சு கொட்டோணும். அதுல சத்துன்னு ஒண்ணும் கெடையாது, வெறும் சக்கை. ரண்டு பங்கு தூளுக்கு ஒரு பங்கு நல்லா மக்குன தொழுவுரமோ மண்புழு உரமோ போட்டு, ரண்டு கை மணல் சேத்துனாப் போதும். ஊர்ல இருந்து செம்மண்ணு கொண்டாரட்டுமான்னு மாப்ளே கேட்டாரு. வேண்டாமுங்க. இந்தப் பத்து இஞ்சுத் தொட்டி அஞ்சு லிட்டர் புடிக்கும். மண்ணை ரொப்பித் தண்ணி ஊத்துனா ஒம்போது பத்துக் கிலோ. தூளுன்னா பாதி. நீங்க கொக்கி மாட்டியிருக்கறது சீலிங்குக்குக் கீழ ஒட்டுன ஜிப்சம் பலகையில. அதுல மின்விசிறியக்கூட மாட்ட மாட்டாங்க. மேல கான்கிரீட்டுல ஓட்டை போட்டு, விரியற போல்ட்டு எறக்கி மாட்டச் சொல்லுங்க. நான் இந்த நாற்காலிய ஏன் செவுரோரமாப் போட்டிருக்கறேன்னு நெனைச்சீங்க?

அப்பொறம் இந்தக் கல்லு. தொட்டிக்கு அடியில நாலு விரக்கடை சல்லிக்கல்லு போட்டிருக்கறே. தண்ணி நல்லா வடியும்னு எல்லாருஞ் சொல்றாங்கன்னே. எல்லாருஞ் சொன்னா நான் மட்டும் எதுக்கு வேற சொல்லோணும்? சமையக்கட்டுல பாத்திரந் தேய்க்கற பஞ்சு இருக்குதே, அதைக் கொண்டா. தண்ணியில முக்கு. படுக்க வெச்சாப்ல புடி. சொட்டுச் சொட்டுன்னு வடிஞ்சு நின்னு போச்சா? பிழியாதே. இப்ப அதையே நெட்டமா நிமித்திப் புடி. பாத்தியா, இன்னும் ஒழுகுது. அதே பஞ்சு, அதே தண்ணி. எந்தத் தொட்டியா இருந்தாலும் அடியில கொஞ்ச ஒசரத்துக்குத் தண்ணி தங்கித்தான் நிக்கும், அது வடியாது. கல்லைப் போட்டா அந்தத் தண்ணி கல்லுக்குள்ள எறங்கிராது, கல்லுக்கு மேல வந்து குத்த வெச்சுக்கும். நனைஞ்ச தூளு அவ்வளவு சீக்கிரம் தண்ணிய உட்டுக்குடுக்காது. அப்ப வேருக்கு எடம் கொறஞ்சு போச்சு, ஈரம் மேல ஏறிப் போச்சு, கொக்கிக்குப் பாரம் எச்சாப் போச்சு. கல்லு போட்டதுல லாபம் கல்லு வித்தவனுக்குத் தான். ஓட்டையில தூளு கொட்டாம இருக்க ஒரு ஓட்டாஞ்சில்லு, இல்லீன்னா ஒரு துண்டு கொசுவலை வெய்யி. கொஞ்சம் ஆழமான தொட்டியா வாங்கு.

செத்ததுல ரண்டை மட்டும் பாக்கலாமா? வைகாசியில ஊட்டிக்குப் போயிப் பூக் கண்காட்சி பாத்துட்டு ஒரு செடி வாங்கியாந்தீங்க. ஃபியூஷியாவாமா. நல்ல செடி தான், ஜிமிக்கி ஜிமிக்கியாத் தொங்கும், நானே பாத்து அசந்து போனேன். ஊட்டித் தாவரவியல் பூங்கா 1848ல ஆரம்பிச்சது. வெள்ளைக்காரன் அங்க போயி ஏன் அந்தத் தோட்டத்தைப் போட்டான், மெட்ராசுல கோட்டைக்குப் பக்கத்துலயே போட்டிருக்கலாமல்ல? ரண்டாயிரத்து இருநூறு மீட்டர் ஒசரத்துல கம்பளி போத்திக்கிட்டு வளந்த செடிய நீ கத்திரி வெயில்ல கொண்டாந்து தொங்க உட்டிருக்கறே. முப்பது டிகிரி தாண்டுனாலே அதுல முக்காவாசி மொட்டுக் கட்டாது. அது செத்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அது ஊருக்குப் போயிருச்சு. வித்த நர்சரிக்காரன் மெட்ராசுலயும் சும்மா வளரும்னு சொன்னானாமா. சும்மா தான் வளந்துச்சு, பூக்காம.

அடுத்தது பத்துமணிப் பூ. நாலு நெறத்துல தண்டு தபால்ல வரவழைச்சு நட்டே. அது நம்ம பருப்புக்கீரைக்குப் பங்காளி. தண்டைக் கிள்ளி ஈரத் தூள்ல சொருகுனா ஒரு வாரத்துல வேர் புடிச்சுக்கும். சோம்பேறிக்குன்னே ஆண்டவன் படைச்ச செடி. தண்டுலயும் எலையிலயும் தண்ணி சேத்தி வெச்சுக்கும், ஒரு நாளு மறந்தாலும் பொறுத்துக்கும். அதையும் நீங்க கொன்னுட்டீங்கன்னா அதுக்கு ஒரு தெறமை வேணும். காஞ்சு சாகலை அது. ஐப்பசி அடைமழையில நனையட்டும்னு அப்படியே உட்டுட்டீங்க, அழுகிப் போச்சு. மழைக் காலத்துல நாலு தண்டைக் கிள்ளி உள்ளார ஒரு டம்ளர்ல காப்பாத்தி வெச்சிருந்தாப் போதும்.

ஆனாக்கா எனக்கு வருத்தம் அதுல இல்லை. அந்தப் பூ வெயிலு நல்லா ஏறுன பொறவு, பத்து மணிக்கு மேல விரியும். மத்தியானம் தாண்டி மூடிக்கும். ஒரு பூவுக்கு ஒரு நாளு தான் ஆயுசு. நீ எட்டரைக்குப் போறே, அவரு ஒம்போதுக்குப் போறாரு, வர்றது ரண்டு பேரும் ராத்திரி. என்னைத் தவுத்து, இந்த ஊட்டுல அந்தப் பூ விரிஞ்சு பாத்தது பாத்திரம் வெளக்க வர்ற பொண்ணு ஒருத்தி தான். அவளுக்காகப் பணம் கட்டித் தபால்ல வரவழைச்சிருக்கறீங்க. அவ சொன்னா, 'தாத்தா, நடுவால இருக்கற மகரந்தத்தை ஒரு ஈக்குச்சியில தொட்டா, தொட்ட பக்கமாச் சாயுது பாருங்க'ன்னு. நான் தொட்டுப் பாத்தேன், நெசமாலுமே சாயுது. சம்பளம் வாங்கறவ பூ பாக்கறா, சம்பளம் குடுக்கறவ ஆபீசுல பூப்படம் பாக்கறா.

உங்க பொழப்புக்குத் தோதான பூவு பெட்டூனியா. காலையில விரிஞ்சா அந்திக்கு மூடாது. வெள்ளைப் பூவுல அந்திக்கு மேல தான் வாசமே எச்சு. ராத்திரிப் பூச்சிய வரவழைக்கறதுக்குன்னு வெச்சிருக்குது, நீங்களும் அந்த நேரத்துக்குத் தான் வந்து சேர்றீங்க. நம்ம கத்திரி, தக்காளி, பொகையெலை எல்லாம் அதுக்குச் சொந்தம். பேருகூட பிரேசில் பக்கத்து ஆளுங்க பொகையெலைக்குச் சொன்ன வார்த்தையில இருந்து வந்தது தான். முந்தியெல்லாம் அது நிமுந்து நிக்கற செடி. இப்படிக் கூடையில இருந்து அருவியாட்டக் கொட்டறதுக்கு வழி பண்ணுனது ஆரு தெரியுமா? ஜப்பான்ல விஸ்கி காய்ச்சுற சன்டோரிக் கம்பெனி. பிரேசில்ல தரையோட படந்து கெடந்த காட்டுச் செடியக் கொண்டாந்து கலப்புப் பண்ணி 1989ல சர்பினியான்னு உட்டாங்க. பொறவு பீர் காய்ச்சுற கிரின் கம்பெனிக்காரங்க வெதையில இருந்தே வர்ற மாதிரி ஒண்ணு கொண்டாந்தாங்க, வேவ்னு பேரு. அதுல ஊதா நெறத்துக்கு 1995ல அமெரிக்காக்காரன் பரிசு குடுத்தான். சாராயங் காய்ச்சறவன் ஒருத்தன் ஒரு வழியாப் பூவுக்குத் தண்ணி ஊத்துனான். மாப்ளே, இதைச் சொல்றப்ப மட்டும் ஏனுங்க நிமுந்து உக்காந்தீங்க?

ஆனா பெட்டூனியா இங்க குளுர் மாசத்துக்குத் தான். புரட்டாசி ஐப்பசியில நாத்து உட்டு மழைக்கு மறைவுல வளத்தா, மார்கழி, தை, மாசி மூணு மாசமும் பூக்கும். பங்குனி வெயில் தலையக் காட்டுனாப் போயிரும். அதுக்கு அழுதுக்கிட்டு உக்காராதே, அது ஒரு வெள்ளாமை, முடிஞ்சுது, எடுத்துப் போட்டுட்டு வேற நடு.

சரி, உசுரோட இருக்கற இந்தப் பெட்டூனியாவப் பாரு. ரண்டே ரண்டு தண்டு, ஒவ்வொண்ணும் முக்கா மொழம், நுனியில ஒரே ஒரு பூவு. மூக்குல சளி தொங்குற மாதிரி இருக்குது. ஏங் கண்ணு, நுனியக் கிள்ளலை? பாவம்னு உட்டுட்டியா? நீ சின்னப் புள்ளையில உன்ற தம்பியக் கிள்ளுனப்ப இந்தப் பாவம் எங்க போச்சு? செடிக்கு நுனி தான் மூத்தாரு. அவரு இருக்கற வரைக்கும் கீழ இருக்கற மொட்டெல்லாம் வாயத் தொறக்காது. நுனியில ஊறுற ஒரு சத்து எறங்கி வந்து பக்கத்துக் கெளையெல்லாம் அடக்கி வெச்சிருக்கும். நாத்து நாலு விரக்கடை வளந்ததும் நகத்தால நுனியக் கிள்ளி உட்டா, ரண்டா வெடிக்கும். அந்த ரண்டையும் கிள்ளுனா நாலு. ஒரு பத்து நாளைக்குப் பூவு இருக்காது, மொட்டைத் தலையாத்தான் நிக்கும், மனசைக் கல்லாக்கிக்கோணும். வாடுன பூவை எடுக்கறப்ப இதழை மட்டும் பிச்சுப் போடறே, அடியில இருக்கற காய் மொட்டை உட்டுர்றே. வெதை கட்டியாச்சுன்னா அதுக்கு அப்பொறம் எதுக்குப் பூக்கோணும், சொல்லு? கலியாணம் ஆனதுக்கு அப்பொறம் மாப்ளே பவுடர் போடறாரா?

உரத்தைப் பத்தி எச்சாச் சொல்ல மாட்டேன். தெனமும் தண்ணி ஊத்தறதுல சத்து கழுவிக்கிட்டுப் போயிரும். அதனால ஒட்டுக்காக் கொட்டாம, கொஞ்சூண்டு கொஞ்சூண்டாக் குடு. ஆல் நைன்டீன் இருக்குதல்ல, லிட்டருக்கு ஒரு கிராம், பத்து நாளைக்கு ஒருக்கா. எலையாவே தள்ளுச்சுன்னா நிறுத்திப் போடு. ஆனா அந்த டீத்தூளு வைத்தியத்தை மட்டும் உட்டுரு சாமி. கழுவாமப் பாலோட சக்கரையோட கொட்டறே. எறும்பு வந்துச்சு. எறும்பு சும்மா வருமா, கூடவே மாவுப்பூச்சிய வளத்து வெச்சுக்குச்சு, நம்ம எருமை வளக்கற மாதிரி. அதுல சுரக்கற இனிப்பு எறும்புக்குப் பாலு.

மாவுப்பூச்சின்னா எனக்கு இன்னும் வகுத்தைக் கலக்கும். 2008ல கோயமுத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி எறங்குச்சு. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி ஒண்ணு பாக்கி இல்லை, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. எங்க ஆளுங்க கண்ட மருந்தெல்லாம் அடிச்சாங்க, அது மெழுகுத் துணியப் போத்திக்கிட்டுச் சிரிச்சுது. 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து கொசுவைவிடச் சின்னதா ஒரு குளவியக் கொண்டாந்து உட்டாங்க. அது மாவுப்பூச்சி வகுத்துக்குள்ளயே முட்டை வெச்சு வேலைய முடிச்சுப் போடுச்சு. அதனால நீ ஏழாவது மாடியில மருந்து மூட்டை வாங்காதே. தண்ணியப் பீச்சி அடிச்சு உதுத்து உடு, வேப்பெண்ணெயில ரண்டு சொட்டு சோப்பு உட்டுத் தண்ணியில கலக்கிப் பொழுதோட தெளி. மொதல்ல அந்தச் சக்கரைத் தண்ணிய நிறுத்து.

இப்ப கம்பியில வெச்சிருக்கற அந்தச் சங்குப்பூத் தொட்டிக்கு வாரேன். ஆவணியில என்ற மடியில முடிஞ்சு கொண்டாந்த வெதை. ராத்திரி ஊற வெச்சு நட்டேன். பந்தல் கட்டச் சொன்னேன், கட்டலை. அதுக்குப் புடிக்க ஒண்ணுமில்லாம கம்பிக்கு அந்தப் பக்கமா எறங்கி ஏழெட்டு அடி தொங்குது. ஆனா கெளையெல்லாம் பொதருப் பொதரா வெடிச்சு, மொட்டு அடுக்கடுக்கா நிக்குது. 'அப்பிச்சி, உங்க கை ராசி'ன்னு நீ சொல்றே. 'நான் வெச்ச உரம்'னு மாப்ளே சொல்றாரு. உரமா? அது அவரை, தட்டப்பயறு சாதி, வேர்ல முண்டு கட்டிக் காத்துல இருந்தே தழைச்சத்தை எடுத்துக்கும். ராசியும் இல்லை, உரமும் இல்லை. இத்தனை பூக்கற கொடியில ஒரு காய்கூட இல்லையே, ஏன்னு யோசிச்சீங்களா?

குனியக்கூடாதுன்னு தான டாக்டர் சொன்னாங்க, எட்டிப் பாக்கக்கூடாதுன்னு சொல்லலை. மூணு நாளா வெடியால ஆறு மணிக்குப் பாக்கறேன். கீழ் பால்கனியில இருந்து கண்ணாடி வளையல் போட்ட கை ஒண்ணு நீளுது. பூவெல்லாம் பறிச்சு ஒரு போசியில போட்டுக்குது, சிவனுக்கு இருக்கும். பூவோட சேத்து நுனியையும் ரண்டு கிள்ளு கிள்ளுது. நான் இருவது தடவை சொல்லியும் நீ பண்ணாத வேலைய, இத்தனை நாளா அந்த வடாத்தம்மா கூலி வாங்காமப் பண்ணிக்கிட்டு இருக்கறாங்க. என்ற புது லென்சு அதுக்கே சரியாப் போச்சு.

நீ போயிக் கேட்டுக் கீட்டு வெக்காதே, அவங்களுக்கு நாம ஒரு தட்டு வடாம் பாக்கி. அந்தக் கொடிய மட்டும் இன்னும் ஒரு மொழம் கீழ எறக்கி உடு கண்ணு. அந்தம்மா கம்பியில ஏறி எட்டிப் பறிக்கறதைப் பாத்தா எனக்குத் தான் பதறுது.